பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கு எந்த ஸ்க்ரூ?

பெட்டியில் வந்து இறங்கும் அலமாரியை நாமே பூட்ட உட்கார்ந்தால், பாக்கெட்டில் எப்படியும் இரண்டு ஸ்க்ரூ குறையும். இல்லாவிட்டால் ஒருமுறை கழற்றி மறுபடி பூட்டும்போது ஒன்றிரண்டு பிடிக்காமல் சும்மா சுற்றும். உடனே கடைக்குப் போய் "நல்லா ஸ்ட்ராங்கா ஒரு ஸ்க்ரூ கொடுங்க" என்று கேட்போம். நானும் அப்படிக் கேட்டவன்தான். கிடைத்தது ஜிப்சம் போர்டுக்குப் போடுகிற கறுப்பு ஸ்க்ரூ. பார்க்க ஒல்லியாக, ஊசி மாதிரி கூர்மையாக இருந்தது. ஐந்தடுக்குப் புத்தக அலமாரி முழுவதையும் அதை வைத்தே பூட்டினேன். ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருநாள் இடம் மாற்றலாம் என்று பக்கவாட்டில் இழுத்தபோது, 'டக் டக்' என்று இரண்டு தலைகள் தெறித்துத் தரையில் உருண்டன.

அந்தக் கறுப்பு ஸ்க்ரூ கடினமானதுதான். ஆனால் கடினமாக்கியதாலேயே அது வளைந்து கொடுக்காது, முறிந்துவிடும். ஜிப்சம் போர்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்க அது போதும். ஆட்டமும் இழுப்பும் வாங்குகிற அலமாரிக்கு ஆகாது. நல்ல ஸ்க்ரூவாகவே வாங்கினாலும் பெரும்பாலும் முதலில் தோற்பது ஸ்க்ரூ இல்லை, அதைச் சுற்றியிருக்கிற பலகை. அதனால் பலகையிலிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: பலகை என்ன என்று பாருங்கள்

மேலே ஒட்டியிருக்கும் லேமினேட்டைப் பார்த்து எதுவும் தெரியாது. ஏற்கெனவே போட்டிருக்கும் ஒரு துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரச்சில்லுகளை ஒட்டி வைத்த மாதிரி சொரசொரப்பாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. பழுப்பு நிறத்தில், அழுத்திய மாவு போல ஒரே சீராக இருந்தால் எம்.டி.எஃப். அடுக்கடுக்காக வரி தெரிந்தால் பிளைவுட்.

பார்ட்டிகிள் போர்டின் இரு முகங்களும் நெருக்கமாக இருக்கும், நடுப்பகுதி தளர்வாக இருக்கும். அதனால் முகத்தில் ஏறும் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும்; விளிம்பில் ஏறுவது அந்தத் தளர்ந்த நடுப்பகுதியை மட்டும் நம்பி நிற்கும். எம்.டி.எஃப் விளிம்போ, துளை போடாமல் ஏற்றினால் இரண்டாகப் பிளந்துவிடும். அப்படியே ஸ்கேல் வைத்துத் தடிமனையும் அளந்து கொள்ளுங்கள். பெரும்பாலும் 16 அல்லது 18 மி.மீ. இருக்கும்.

படி 2: மரையைப் பாருங்கள்

ஸ்க்ரூவைச் சுற்றி ஓடுகிற வரிதான் மரை. இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து நகத்தால் மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். சிப்போர்டு ஸ்க்ரூ என்று விற்பதில், நடுத்தண்டு ஒல்லியாகவும் மரை அதிலிருந்து நன்றாக வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும்; வரிகளுக்கு இடையே நகம் இறங்கும். நமக்கு வேண்டியது இதுதான். ஒல்லியான தண்டு பலகையைப் பிளக்காது, அகலமான மரை சில்லுகளை நிறையப் பிடித்துக்கொள்ளும். முழு மரத்துக்கான பழைய பாணி ஸ்க்ரூவில் தண்டு தடித்து, தலைக்குக் கீழே வழவழப்பாக இருக்கும். அது ஆப்பு மாதிரி பலகையை விரிக்கும். ஒருவேளை முனையே இல்லாமல் நட்டுக்குப் போகிற போல்ட்டைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: அளவு

பாக்கெட்டில் 4 × 50 என்று போட்டிருந்தால் முதல் எண் பருமன், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில்.

கீல், கைப்பிடித் தகடு போன்றவற்றைப் பலகை முகத்தில் வைக்க 3.5 × 16 போதும். 18 மி.மீ. பலகையில் இதைவிட நீளமாகப் போட்டால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஏற்கெனவே 5 மி.மீ. துளைகள் வரிசையாகப் போட்டு வந்திருந்தால், அதற்கென்றே 6.3 மி.மீ. பருமனில் கட்டையான யூரோ ஸ்க்ரூ இருக்கிறது, 13 மி.மீ. நீளம் சரியாக வரும்.

பக்கப் பலகை வழியாக அடுக்குப் பலகையின் விளிம்புக்குள் ஏற்றும் இணைப்புதான் அலமாரியின் உயிர். முதல் பலகையைத் தாண்டி 30 மி.மீ.யாவது உள்ளே போக வேண்டும். 18 மி.மீ. பலகை என்றால் நீளம் 50. என் ஓட்டு கன்ஃபர்மாட் என்கிற தடித்த, மழுங்கிய முனை ஸ்க்ரூவுக்கு, 7 × 50 அளவில். பார்ட்டிகிள் போர்டு விளிம்புக்காகவே செய்த சாமான் அது. ஆலன் கீ வைத்துத் திருகுகிற மாதிரியும் வரும்.

உங்கள் அலமாரி வட்டமான கேம் லாக் (திருப்பினால் போல்ட் தலையைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வட்டப் பூட்டு) வைத்துப் பூட்டுவதாக இருந்தால், அந்த இடத்தில் ஸ்க்ரூவைத் திணிக்காதீர்கள். அதே அளவில் வேறு கேம் வாங்கிப் போடுவதுதான் சரி.

படி 4: துளை

4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு விளிம்பில் 2.5 மி.மீ. துளை, சரியாக நடுவில், 18 மி.மீ. பலகையில் ஓரத்திலிருந்து 9. மேல் பலகையில், அதாவது ஸ்க்ரூ முதலில் நுழைகிற பக்கப் பலகையில் மட்டும் 4.5 மி.மீ. துளை போடுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். மேல் பலகையிலும் மரை பிடித்துக்கொண்டால், எவ்வளவு திருகினாலும் இரண்டுக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளி அப்படியே நிற்கும்.

கன்ஃபர்மாட்டுக்கு உள்ளே 5, மேல் பலகையில் 7. இரண்டையும் ஒரே தடவையில் போடும் படிக்கட்டு டிரில் பிட் கிடைக்கிறது. பத்து ஸ்க்ரூவுக்கு மேல் இருந்தால் வாங்கிவிடுங்கள். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: திருகுவது

ஸ்க்ரூ தலையைக் கூர்ந்து பாருங்கள். கூட்டல் குறிக்கு நடுநடுவே மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசி. சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் வழுக்கும். 3.5 முதல் 5 மி.மீ. வரைக்கும் போசிக்கென்றே வருகிற பி.இசட் 2 (PZ2) பிட் பொருந்தும்.

மெஷின் வைத்திருந்தால் கிளட்ச்சை (எவ்வளவு இறுக்கத்தில் நிற்க வேண்டும் என்று வைக்கிற எண் போட்ட வளையம்) குறைந்த எண்ணில் வைத்து, கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடியுங்கள். தலை பலகையோடு சமமானதும் நிறுத்துங்கள். 'இன்னும் ஒரு சுற்று' என்ற ஆசையில்தான் உள்ளே பலகை பொடியாகும்.

கழற்றிய ஸ்க்ரூவை அதே துளையில் திரும்பப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று லேசாக இறங்கும். பழைய மரைத் தடம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து முறுக்கினால் புதுத் தடம் வெட்டாமல் ஏறும்.

மரை கழன்றுவிட்டதா?

பலகைக்குத்தான் சொல்கிறேன். பருமனான ஸ்க்ரூவைத் தேடி ஓடாதீர்கள், விளிம்பு பிளந்துவிடும். துளையை 8 மி.மீ.க்குப் பெரிதாக்கி, பொடியை ஊதி எடுத்து, மரப்பசை தடவிய 8 மி.மீ. மரக்குச்சியை உள்ளே அடித்து இறக்குங்கள். சின்னத் துளை என்றால் பசையில் தோய்த்த நாலைந்து பல்குத்தும் குச்சிகளே போதும். ஒரு ராத்திரி காயட்டும். காலையில் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிச் சமமாக்கி, நடுவில் புதிதாக 2.5 மி.மீ. துளை போட்டு, அதே பழைய 4 மி.மீ. ஸ்க்ரூவையே ஏற்றுங்கள்.