சிங்கப்பூரில் சம்பளப் பாக்கியும் வேலையிடக் காயமும்: வக்கீல் எப்போது வேண்டும்?

வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் புதிதாகச் செல்லும் தம்பிகள், சிக்கல் என்று வந்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்கும் கேள்வி, "வக்கீல் வைக்கணுமா?" என்பதுதான். பாகப்பிரிவினை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வக்கீல் இல்லாமல் ஒரு மன்றத்தின் படியேறலாம் என்பதே நம்ப முடியாததாக இருக்கிறது. ஆனால் அங்கே விடை, உங்கள் சிக்கல் எந்த மன்றத்துக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

சம்பளத்தை இழுத்தடிப்பது, ஓ.டி. பணத்தைக் குறைப்பது, காரணமில்லாமல் பிடித்தம் செய்வது ஆகியவற்றுக்கு நீங்களே பேச வேண்டும். டி.ஏ.டி.எம். என்னும் முத்தரப்பு அமைப்பில் கோரிக்கையைப் பதிவு செய்தால், முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். அங்கே முடியாவிட்டால், 2017 முதல் இயங்கிவரும் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு அது போகும். அந்த மன்றத்தில் தொழிலாளிக்கும் வக்கீல் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. ஆங்கிலம் தயக்கம் தந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இங்கே உங்களைத் தோற்கடிக்கக்கூடியது காலக்கெடுதான்: வேலையில் இருப்பவர் பாக்கி விழுந்ததிலிருந்து 1 ஆண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும் பதிவு செய்தாக வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சம்பளத் தொகை எழுதப்பட்ட ஐ.பி.ஏ. கடிதத்தின் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம்) நகல் ஒன்று உங்கள் செல்பேசியிலும் ஒன்று ஊரில் வீட்டாரிடமும் இருக்கட்டும். வேலை நேர அட்டையை மாதந்தோறும் படம் எடுத்து வையுங்கள்.

காயம் பட்டவருக்குத்தான் முடிவு உண்மையிலேயே கடினமானது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மருத்துவச் செலவும், மருத்துவ விடுப்புக் காலச் சம்பளமும், நிரந்தர ஊனத்துக்கு ஒரு தொகையும் கேட்கலாம், விபத்து நடந்த 1 ஆண்டுக்குள் கோர வேண்டும், வக்கீல் தேவையில்லை. இன்னொரு வழி, முதலாளியின் கவனக்குறைவைக் காட்டி உரிமையியல் வழக்குப் போடுவது. அதில் வலிக்கும் வேதனைக்கும் எதிர்கால வருமான இழப்புக்கும் சேர்த்துக் கேட்க முடியும், ஆனால் தவறை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. வக்கீல் இல்லாமல் அந்த வழியில் இறங்குவது விவேகமன்று. இரண்டில் ஒரு வழியில் மட்டுமே இழப்பீடு பெற முடியும் என்பதால், விரல் நசுங்கியது போன்ற காயத்துக்கு முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன். முதுகெலும்பு அடிபட்டு இனி உழைக்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர், எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்பே ஒரு வக்கீலிடம் ஆலோசனை பெற வேண்டும். டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) வாசலில் வந்து, கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும் என்று பேசுகிறவரை நம்பாதீர்கள்; இழப்பீட்டில் பங்கு வைத்துக் கட்டணம் பேசுவது அந்நாட்டு வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டது.

போலீஸ் வழக்கு என்றால் தயங்கவே வேண்டாம். வக்கீலிடம் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முடிவை எடுக்காதீர்கள். ப்ரோ போனோ எஸ்.ஜி. என்னும் சிங்கப்பூர் இலவசச் சட்ட உதவி அமைப்பு நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

வேலூரிலேயே பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய ஏஜென்ட் மீதான புகார் சிங்கப்பூர் மன்றங்களுக்குச் சேராது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். அதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருந்தால், கொடுத்ததற்கான வங்கி ஆதாரத்துடன் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் முறையிடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையத்தை நாடினால், வக்கீல் இன்றி நீங்களோ நீங்கள் அதிகாரம் அளித்த வீட்டாரோ நடத்தலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் இல்லை. உரிமையியல் நீதிமன்றம் அப்படியன்று. உங்கள் பவர் பத்திரத்தை வைத்து மனைவி மனு தாக்கல் செய்யலாம், ஆனால் நீதிமன்ற அனுமதியின்றி உங்களுக்காக வாதாட முடியாது. அவர் தம் பெயரிலேயே வழக்காடும் நிலை வந்தால், பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் அவருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும். பவர் பத்திரத்தை சிங்கப்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்துமாறு வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.