லேசான மறதிக்கு அக்குபஞ்சர்: மூளை ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்குபஞ்சர் ஊசி குத்தியதும், மூளையைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பக்கம் சிவப்புப் புள்ளி தெரிகிறது. உடனே ஆய்வாளர்கள் சிலர் "நினைவாற்றல் கூடியது" என்று எழுதிவிடுகிறார்கள். படம் அப்படி எதையும் சொல்லவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் நிலை மாறுவதைத்தான் அந்தக் கருவி பிடிக்கிறது. நரம்பு வேலை செய்து 5, 6 நொடி கழித்தே அந்த மாற்றம் உச்சத்துக்கு வரும். வயதானவர்களுக்கு ரத்தக்குழாய் விறைத்திருப்பதால் அது மங்கலாகவோ தாமதமாகவோ வரலாம். காபி குடித்தாலே மூளை ரத்த ஓட்டம் குறையும். அதனால் லேசான அறிவாற்றல் குறைபாடு (மறதி இருந்தும் அன்றாட வேலை தடைபடாத நிலை) உள்ளவர்களையும் மற்றவர்களையும் போல்டு எனப்படும் இந்த ஆக்சிஜன் சிக்னலை மட்டும் வைத்து ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு நரம்பினுடையதா குழாயினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காபி, மாத்திரை நேரங்களை எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள். இடையில் சில நொடி மூச்சை அடக்கச் சொல்லி ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டால், குழாய்கள் எவ்வளவு விரிகின்றன என்பது தனியே தெரியும்.

ஆள் தேர்வில் நடக்கும் தவறு சுலபமானது. நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் மோக்கா தேர்வில் 30-க்கு 26-க்குக் கீழே வந்தாலே குறைபாடு என்று சேர்த்துக்கொள்வது போதாது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா, மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு உண்டா என்று பார்த்திருக்க வேண்டும்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியைக் காந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கம்பியாக இழுத்த எஃகு ஓரளவு காந்தத் தன்மை பெற்றுவிடும். இழுபடலாம், படத்தையும் கோணலாக்கும். டைட்டானியம், தங்கம், வெள்ளி போன்ற காந்தமில்லா ஊசிதான் சரி. அதையும் வெளியிலேயே காந்தம் வைத்துச் சோதித்துவிட வேண்டும். உச்சந்தலையில் உள்ள பாய்ஹுய் என்ற அக்குபஞ்சர் புள்ளி மறதிக்குப் பிரபலம். ஆனால் சிக்னலைப் பிடிக்கத் தலையைச் சுற்றி வைக்கும் காயிலுக்குள் அங்கே ஊசி நிற்க இடமில்லை. நின்றாலும் அதற்குக் கீழே உள்ள மூளைப் பகுதி படத்தில் கறுத்துத் தெரியும். ஸ்கேன் நடக்கும்போதே குத்துவதானால் கணுக்காலின் தாய்சி, கையின் ஹெகு போன்ற புள்ளிகளே தோது. மின் தூண்டலுக்குச் சாதாரணக் கம்பிகளை வைத்தால் அவை சூடேறித் தோல் பொசுங்கக்கூடும்.

அடுத்த தவறுதான் அதிகம் கவனிக்கப்படாதது. 30 நொடி ஊசியைச் சுழற்றுவது, 30 நொடி விடுவது என்று மாற்றி மாற்றிச் செய்யும் முறை, விரலைத் தட்டச் சொல்லும் சோதனைக்குப் பொருந்தும், ஊசிக்குப் பொருந்தாது. சுழற்றல் நின்ற பிறகும் விளைவு நீடிக்கும். அப்போது 'ஓய்வு' என்று நாம் நினைக்கும் நேரத்திலும் ஊசியின் சாயல் கலந்திருக்கும். கழித்துப் பார்த்தால் உண்மையான விளைவே காணாமல் போகலாம். முதலில் ஓய்வு ஸ்கேன், பிறகு ஒரே ஒரு தூண்டல், பிறகு மறுபடி ஓய்வு ஸ்கேன் என்று வைப்பது நல்லது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இரண்டாவது ஸ்கேன் வருவதற்குள் பலர் கண் அயர்ந்துவிடுவார்கள். அரைத்தூக்கத்திலும் மூளை வலைப்பின்னல்களின் இணைப்பு மாறும். அதே கால அளவில் போலி ஊசி பெற்ற குழு இல்லாவிட்டால், தூக்கத்தின் பெருமை ஊசிக்குப் போய்விடும்.

போலி ஊசி என்றாலும் கவனம் தேவை. தோலை மேலோட்டமாகக் குத்துவதும் ஒரு தூண்டல்தான். உள்ளே இறங்காத ஊசிகூடத் தோலைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் என்ன உணர்ந்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கனப்பது, மரத்துப்போவது, இழுப்பது போன்ற 'டெ சி' உணர்வு வேறு. சுரீரென்ற வலி வேறு. முன்னது உணர்ச்சியோடு தொடர்புள்ள லிம்பிக் பகுதிகளின் சிக்னலைத் தணிக்கிறது, பின்னது ஏற்றுகிறது என்று 2000 முதல் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றும் மிஞ்சாது. தூண்டும் நொடியில் தலை அசைவதும் பொய்யான சிக்னலைத் தரும், அசைவு 0.5 மி.மீ. தாண்டிய படங்களைப் பல குழுக்கள் ஒதுக்கிவிடுகின்றன.

கணக்குப் போடும்போது நடப்பவை ஊரறிந்தவை. 2009-ல் செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து, படத்தின் சின்னஞ்சிறு கட்டங்களான பல்லாயிரம் வாக்செல்களை ஒரே நேரத்தில் சோதிப்பதற்கான திருத்தம் போடாமல் பார்த்தபோது, அதன் மூளையும் 'வேலை செய்தது'. 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு, பிரபல மென்பொருள்களின் சில அமைப்புகளில் 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு 70 சதவீதம் வரை போவதைக் காட்டியது. ஊசிக் குழுவில் மாற்றம் தெரிந்தது, போலிக் குழுவில் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து இரண்டும் வேறு என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு மாற்றங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். சுருங்கிய ஹிப்போகாம்பஸை இளைஞர் மூளை வரைபடத்தில் வலிந்து பொருத்தினால், பக்கத்துத் திரவப் பகுதியும் அதில் சேர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சிக்னல் கூடினால் நல்லது என்று எடுத்துக்கொள்வது. இந்தக் குறைபாட்டின் தொடக்கத்தில் ஹிப்போகாம்பஸ் அளவுக்கு மீறியே இயங்குவதுண்டு. 2012-ல் வலிப்பு மருந்தான லெவெடிரசெடாமைக் குறைந்த அளவில் கொடுத்து அந்த மிகை இயக்கத்தைத் தணித்தபோது, நினைவுச் சோதனையில் மதிப்பெண் ஏறியது. ஆகவே ஊசிக்குப் பிறகு மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு கூடினாலும் குறைந்தாலும், அதே ஆட்களின் நினைவுத் தேர்வோடு சேர்த்துப் பார்க்காமல் அதற்கு அர்த்தம் கிடையாது. அந்தத் தேர்விலும் அடுத்த முறை வேறு வினாத்தாள் கொடுக்க வேண்டும். அதே தாளை மறுபடி எழுதினாலே மதிப்பெண் ஏறும்.

பல ஆய்வுகளைத் தொகுப்பவர்கள், ஒரே ஒரு தடவை குத்தியபோது தெரிந்ததையும் வாரக்கணக்கில் சிகிச்சை எடுத்தபின் தெரிந்ததையும் ஒரே வரைபடத்தில் கொட்டிவிடுகிறார்கள். முன்னது அந்த நேரத்து எதிர்வினை, பின்னது சிகிச்சையின் தடம். முழு மூளையையும் தேடாமல், முன்பே தேர்ந்த பகுதியை மட்டும் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்தால், அந்தப் பகுதி எப்படியும் 'கண்டுபிடிக்கப்படும்'. 1998-ல் கால் விரல் அருகே உள்ள, பார்வைக்கான அக்குபஞ்சர் புள்ளியைத் தூண்டினால் மூளையின் பார்வைப் பகுதியான பார்வைப் புறணி இயங்குகிறது என்று வந்த புகழ்பெற்ற கட்டுரையின் முடிவை, அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் 2006-ல் திரும்பப் பெற்றார்கள். அதை இன்னமும் ஆதாரமாகக் காட்டும் கட்டுரை கண்ணில் பட்டால், மீதியையும் சந்தேகத்தோடு படிக்கலாம்.