மிருதங்கத்தின் தொப்பி எங்கே போனது? லேப்டாப் ஒலியைத் தேற்றும் செய்முறை

மார்கழி வந்தால் அப்பா லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். போன மார்கழியில் ஒரு நாள், மிருதங்கக்காரர் தனியாக வாசித்துக் காட்டும் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "இவர் ஒரு கையாலதான் வாசிக்கிறாரா?" என்று கேட்டார். நானும் குனிந்து கேட்டேன். வலது கைப் பக்கமான வலந்தலை கணீரென்று வருகிறது. இடது கை தொப்பியில், அதாவது கனமான ஒலி தரும் இடப் பக்கத்தில், விழுவது படத்தில் தெரிகிறது, காதில் மட்டும் ஒன்றும் இல்லை.

மிருதங்கக்காரர் மேல் தப்பில்லை. கனமான ஒலி வரவேண்டுமென்றால் ஸ்பீக்கரின் திரை நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். லேப்டாப்புக்குள் இருப்பதோ கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர். விலை குறைந்த லேப்டாப்புகளில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கன ஒலி சட்டென்று சரிந்துவிடும். பேச்சில் அடி ஒலி போனாலும் மேல் ஒலிகளை வைத்துக் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். தொப்பிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அன்றைக்கு ஆரம்பித்த வேலையைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். விண்டோஸ் 11 இருக்கும் சாதாரண லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது.

படி 1: குறை எதுவென்று கண்டுபிடியுங்கள்

"சவுண்டு சரியில்லை" என்று கடையில் போய்ச் சொன்னால் கையில் கிடைக்கிற பெட்டியை எடுத்துத் தந்துவிடுவார்கள். சத்தம் போதவில்லையா, பேச்சு புரியவில்லையா, கனம் இல்லையா, தேவையில்லாத இரைச்சல் வருகிறதா? நான்குக்கும் மருந்து வேறு.

முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அதே வீடியோவை ஓடவிடுங்கள். சிரிக்காதீர்கள், நம் வீடுகளில் லேப்டாப் சத்தத்தைப் பாதி விழுங்குவது ஃபேன்தான். ஃபேன் நின்றதும் பேச்சு தெளிவாகப் புரிந்தால், உங்களுக்குத் தேவை ஒலியைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் ஒரு பொருள், அவ்வளவுதான்.

அடுத்து, வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு வயர் இயர்போனைச் செருகிக் கேளுங்கள். அதிலும் பேச்சு குழறினால் பதிவே மோசம் என்று அர்த்தம். எதை வாங்கினாலும் அது தேறாது.

படி 2: காசு செலவில்லாத வேலைகளை முடியுங்கள்

லேப்டாப்பை மூடி, திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தின் இரண்டு ஓரங்களிலும் சின்னத் துளைகள் வரிசையாக இருந்தால் ஸ்பீக்கர் கீழ்நோக்கிப் பேசுகிறது. அதை மெத்தையில் வைப்பது வாயில் துணியை அடைத்துவிட்டுப் பாடச் சொல்வது மாதிரி. ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்து, பின்பக்கக் கால்களுக்குக் கீழே ஆளுக்கொரு ரப்பரைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதற்கே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம் விண்டோஸ் அமைப்புகள். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'சவுண்ட் செட்டிங்ஸ்' போங்கள். கடைசி வரை இறங்கினால் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் பழைய காலத்துச் சின்ன ஜன்னல் ஒன்று வரும். அதில் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலில் 'டூ நத்திங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கால் வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸ் முன்கூட்டியே வைத்திருக்கிறது. மீட்டிங் நடக்கும்போது மற்ற சத்தமெல்லாம் தானாக அமுங்கிப்போவதற்கு இதுதான் காரணம்.

அதே ஜன்னலில் 'பிளேபேக்' தாவலுக்கு வந்து, ஸ்பீக்கரை இரட்டைக் கிளிக் செய்தால் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்ற பகுதி சில லேப்டாப்புகளில் இருக்கும். அதில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' கிடைத்தால் டிக் செய்யுங்கள். மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி ஒரே மட்டமாக்கிவிடும். ஆன்லைன் வகுப்புக்கும் சீரியலுக்கும் அருமை. கச்சேரிக்கு வேண்டவே வேண்டாம். ஏற்ற இறக்கம் எல்லாம் போய்ப் பாட்டு தட்டையாகிவிடும்.

விஎல்சி பிளேயரில் ஒலியை 125 சதவீதம் வரை ஏற்றலாம். பதிவே மெல்லியதாக இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். கரகரப்பு வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

படி 3: வயர் இயர்போனைச் சரியாகச் செருகுங்கள்

தனியாகக் கேட்பவருக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. ஒரு சாதாரண வயர் இயர்போனில்கூடத் தொப்பி கேட்கும், ஏனென்றால் காதுக்குழிக்குள் இருக்கும் துளிக் காற்றை அசைத்தால் போதும்.

இயர்போனின் செருகும் முனையை, அதாவது பின்னைப் பாருங்கள். மூன்று கருப்பு வளையம் இருந்தால் மைக்கோடு வந்தது, இரண்டு என்றால் கேட்க மட்டும். பழைய லேப்டாப்பில் இயர்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை இருந்தால், மூன்று வளையப் பின்னைப் பிரித்துத் தரும் 'ஒய் ஸ்பிளிட்டர்' என்ற சின்ன வயர் வேண்டும்.

ஒரு விசித்திரம்: இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. இயர்போன் போச்சு என்று தூக்கிப் போடாதீர்கள். பின் முழுதாக உள்ளே போகவில்லை. பொதுவான பூமி இணைப்பு விட்டுப்போனால் இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதில் விழும். குரல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அப்படியும் போகாவிட்டால் துளைக்குள் பஞ்சு அடைத்திருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, பல்குச்சியால் மெல்ல வழித்தெடுங்கள். ஊசி, ஹேர்பின் கூடாது.

படி 4: இரைச்சலும் உடைந்த ஜாக்கும் இருந்தால் டாங்கிள்

மவுஸை நகர்த்தும்போது இயர்போனில் கிர்ர்ரென்று ஒரு சத்தம் வருகிறதா? லேப்டாப்பின் உள்ளே ஓடும் மின்சாரச் சலசலப்பு ஒலிச் சுற்றுக்குள் கசிகிறது. இதற்கும், ஜாக் எனும் இயர்போன் துளை ஆடிப்போன லேப்டாப்புக்கும் ஒரே மருந்து, யூஎஸ்பி துளையில் செருகி இயர்போனை மாட்டிக்கொள்ளும் விரல் நீள டாங்கிள். எண்ணாக இருக்கும் ஒலியை அலையாக மாற்றும் டிஏசி சிப் அதன் உள்ளேயே இருப்பதால், அந்த வேலை லேப்டாப்புக்கு வெளியே நடக்கும். டிரைவர் எதுவும் போட வேண்டியதில்லை.

வாங்கும்போது நான் ஏமாந்த இடம் இது. பக்கத்துக் கடையில் டைப்-சி டாங்கிள் ஒன்று வாங்கி வந்து செருகினேன், மூச்சே இல்லை. லேப்டாப்பில்தான் கோளாறு என்று ஒரு சாயங்காலம் முழுக்க மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. சில டைப்-சி டாங்கிள்களில் சிப்பே கிடையாது, வெறும் வயர்தான். சில போன்கள் டைப்-சி வழியாக ஒலி அலையை நேரடியாகத் தரும், அவற்றில் மட்டும் இது பாடும். பெரும்பாலான லேப்டாப்புகள் அப்படித் தராது. அதனால் கடையில் "உள்ளே டிஏசி இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆப்பிளின் சின்ன வெள்ளை டைப்-சி டாங்கிளில் சிப் இருக்கிறது, விண்டோஸ் லேப்டாப்பிலும் வேலை செய்யும்.

செருகியதும் டாஸ்க்பாரின் ஒலிப் பட்டியலில் புதிய பெயர் ஒன்று தோன்ற வேண்டும். அதைத் தேர்ந்தெடுங்கள். பெயரே தோன்றவில்லை என்றால் அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

பெட்டியில் 384 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறார்கள் என்ற கணக்கு அது. சிடி தட்டே 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். யூடியூப் கேட்கிறவர் அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

படி 5: நாலு பேர் கேட்க ஸ்பீக்கர்

போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுப் பாட்டுக் கேட்ட தலைமுறை நாம். சத்தம் கூடும், உண்மைதான். டம்ளருக்குப் பிடித்த சுருதி மட்டும் கூடும், அதுதான் சிக்கல்.

யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் குட்டி ஸ்பீக்கர் ஜோடி மலிவு, சார்ஜ் தொல்லை இல்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள். யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 4.5 வாட். அதற்குமேல் எங்கிருந்து வரும்? 'பிஎம்பிஓ 1000 வாட்' என்று எழுதியிருப்பது கண்ணுக்குத் தோரணம். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் 'ஆர்எம்எஸ்' என்ற எண் எங்காவது மூலையில் இருக்கும், அதைப் பாருங்கள். பேச்சுக்கும் மீட்டிங்குக்கும் இந்த ஜோடி போதும்.

கனம் வேண்டுமென்றால் பேட்டரி உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர். பேட்டரி இருப்பதால் ஒரு அடி விழும் கணத்துக்குக் கூடுதல் சக்தியை அள்ளித் தர முடியும். பல மாடல்களில் இரண்டு பக்கமும் வட்டமான ரப்பர் தகடு இருக்கும், பாட்டு ஓடும்போது அது துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெயர் பேசிவ் ரேடியேட்டர். வயர் எதுவும் இல்லாமல் உள்காற்றின் அழுத்தத்தில் ஆடி அடி ஒலியைக் கூட்டுகிறது. அப்பாவுக்கு நான் வாங்கித் தந்தது இந்த ரகம்தான்.

வைக்கும் இடமும் முக்கியம். நடு மேசையில் வைத்ததைவிடச் சுவரை ஒட்டி வைத்தால் கனம் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். எங்கள் வீட்டில் புத்தக அலமாரியின் மூலையில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் தொப்பி வந்தது. மேசை நடுவில் இருந்தவரை அரைகுறைதான்.

கடையில் சோதிக்கும்போது அவர்கள் போடும் பாட்டை விட்டுவிட்டு, நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பதிவை ஓடவிடச் சொல்லுங்கள். நான் தனி ஆவர்த்தனம் போடச் சொன்னபோது கடைப் பையன் ஒரு மாதிரிதான் பார்த்தான்.

படி 6: ப்ளூடூத்தின் இரண்டு குறும்புகள்

உதடு அசைந்த பிறகு குரல் வருகிறதா? ப்ளூடூத் ஒலி போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். யூடியூப் பெரும்பாலும் தானே சரிக்கட்டிக்கொள்ளும். விஎல்சியில் என்றால் விசைப்பலகையில் 'ஜே' எழுத்தைத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட் ஒலி முன்னால் வரும். நாலைந்து தட்டில் உதடும் குரலும் சேர்ந்துவிடும். அதிகமாகிவிட்டால் 'கே' பின்னால் இழுக்கும்.

இரண்டாவதுதான் பலரைப் படுத்துவது. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக வரும், மீட்டிங்கில் சேர்ந்ததும் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடும். பழுது இல்லை. ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தவுடன் சாதாரண ப்ளூடூத், தரமான ஸ்டீரியோவிலிருந்து ஒற்றை ஒலிக்கு, தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. சவுண்ட் செட்டிங்ஸில் 'இன்புட்' என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், மீட்டிங் செயலியிலும் அதையே வையுங்கள். ஹெட்செட் கேட்க மட்டும் என்றாகிவிட்டால் தரம் திரும்பிவிடும். தினமும் மூன்று மீட்டிங் என்றால், என் யோசனை, வயர் ஹெட்செட்டே வாங்கிவிடுங்கள்.

படி 7: 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம்

ஹாலில் பழைய ஹோம் தியேட்டர் ஒன்று இருக்கிறது. ஆசைக்கு ஒரு நாள் லேப்டாப்பின் இயர்போன் துளையிலிருந்து ஆக்ஸ் வயரில் அதற்கு இணைப்புக் கொடுத்தோம். கச்சேரி தொடங்கியதும் அப்பா, "தம்புரா ரெண்டு வெச்சிருக்காங்களா?" என்றார். இரண்டாவது தம்புரா எங்கள் வீட்டு மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. நூறு ஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ 5 கட்டை சுருதி! பாடியவருக்கும் 5 கட்டை, கொஞ்சம் தள்ளிச் சேர்ந்துகொண்டது.

இதைக் கண்டுபிடிக்க லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் போதும். ரீங்காரம் நின்றால், லேப்டாப்பும் ஹோம் தியேட்டரின் ஆம்பிளிஃபயரும் இரண்டு வழியாக எர்த்தில் இணைந்து வளையம் போட்டிருக்கின்றன. 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒன்று கிடைக்கும், ஆக்ஸ் வயருக்கு நடுவில் மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் குட்டி மின்மாற்றிகள் ஒலியைக் கடத்திவிட்டு மின் தொடர்பை அறுத்துவிடும். சார்ஜரின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லி யாராவது குறுக்கு வழி காட்டினால் கேட்காதீர்கள். அது ஷாக் அடிக்காமல் காப்பதற்காக இருப்பது.

ஐசொலேட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அப்பா சார்ஜ் போட்டுவிட்டு, வர்ணம் ஆரம்பிக்கும்போது வயரைப் பிடுங்கிவிடுகிறார்.