ரெண்டு கோடு வந்தால் மட்டும் போதுமா?

குடியாத்தத்தில் எங்கள் தெருப் பெண்கள் "நாள் தள்ளிப்போச்சுக்கா" என்று வந்து நிற்கும்போது, மெடிக்கலில் வாங்கின, கர்ப்பம் பார்க்கும் கார்டு கையிலேயே இருக்கும். ரெண்டு கோடு வந்தால் கர்ப்பம், ஒற்றைக் கோடு என்றால் இல்லை என்று அர்த்தம். வாங்கினதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கார்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கர்ப்பமானால் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் இருக்கிறதா, இல்லையா. கரு எங்கே தங்கியிருக்கிறது, நல்லபடியாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நாள் தள்ளும் முன்னாலேயே சோதித்துவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. முட்டை வெளியாகி 6 முதல் 12 நாள் கழித்துத்தான் கரு கர்ப்பப்பையில் ஒட்டும். அதன் பிறகே ஹார்மோன் சுரக்கும். அதனால் நாள் தள்ளிய பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். கவரில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் பார்த்துவிட வேண்டும். அரைமணி கழித்துப் பார்த்தால் காய்ந்த தடம்கூடக் கோடு மாதிரி தெரியும். நேரத்துக்குள் வந்த ரெண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் கர்ப்பம்தான். குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால், ஏறக்குறைய இரண்டு வாரம் வரை கார்டை நம்ப வேண்டாம்.

ஒற்றைக் கோடுதான், ஆனாலும் மாதவிலக்கு வரவில்லையா? ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணம் இருக்கலாம். "நாள் வர மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது இனிமேல் சொல்லப்போவதுதான். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு, கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். அப்போதும் கார்டில் அதே ரெண்டு கோடுதான் வரும். கொஞ்சம் ரத்தம் பட்டால் "தூரம் வந்துடுச்சு" என்று இருந்துவிடுவார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். 108-ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்க்காரர்கள் கீழே இறங்கவே நேரம் பிடிக்கும். வலிக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே ஸ்கேன் பார்த்துக்கொள்வது நல்லது.

இதனால்தான் கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுவதும் ஆபத்து. குழாயில் இருக்கும் கருவை அந்த மாத்திரை கலைக்காது. ரத்தப்போக்கைப் பார்த்து எல்லாம் முடிந்ததென்று நினைத்துவிடுவோம். வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். 18 வயது நிரம்பியவருக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்லவும் கூடாது.

கூச்சத்தால் டாக்டரிடம் போகாதவர்களும் உண்டு. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாதென்று குடும்பத்தார் மறுத்ததால், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அவர் மருத்துவம் பார்த்த ஊரில் இன்று பெண் டாக்டருக்குப் பஞ்சமில்லை.

ரெண்டு கோடு வந்ததும் ஊர் நர்சம்மாவிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிக்மி எண், அதாவது கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண், கிடைத்தால்தான் பிறகு பிறப்புச் சான்றிதழுக்குச் சிரமம் இருக்காது. அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவது முதல் சில வாரங்களில்தான்.

டாக்டர் முதலில் கேட்பது கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி. பிரசவ நாளை அதிலிருந்து 280 நாளாகக் கணக்கிடுகிறார்கள்; நாள் தள்ளிய தேதியைச் சொன்னால் ஒரு மாதக் கணக்கு தப்பிப்போகும். அந்தத் தேதியைக் காலண்டரில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.