போர்வெல் நீரில் யுரேனியம் எந்த உருவில் இருக்கிறது: கணக்கிடும் முறை

காட்பாடியில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு கடும்பாறையைத் துளைத்துப் போட்டது. அந்த நீரை இருமுறை கொதிக்கவைத்தாலே பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டிவிடும். அந்தப் படலத்தை உண்டாக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும்தான், நீரில் கரைந்துள்ள யுரேனியம் எந்த அணைவுச் சேர்மமாக (ஓர் உலோக அயனியைச் சுற்றி வேறு அயனிகள் பிணைந்த தொகுதியாக) இருக்கும் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

முதலில், பிஹெச் மதிப்பைக் கிணற்றடியிலேயே அளந்துவிடுங்கள். நான் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றபோது, உள்சுவரெங்கும் சிறு குமிழிகள் ஒட்டியிருந்தன; கரியமில வாயு வெளியேறியதால், வீட்டில் 7.2 காட்டிய நீர் அங்கே 7.9 காட்டியது.

அடுத்தது காரத்தன்மை. ஆய்வக அறிக்கையில் அது கால்சியம் கார்பனேட் அளவாகவே தரப்பட்டிருக்கும், 1.22ஆல் பெருக்கினால் பைகார்பனேட் அளவு கிடைக்கும். எங்கள் நீரில் 350 என்பது லிட்டருக்கு 427 மில்லிகிராம் ஆயிற்று.

கணக்கிடுவதற்கு, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இலவசமாக வழங்கும் ஃப்ரீக்சி (PHREEQC) மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். விரிதாளில் சமன்பாடுகளை அமைப்பது, ஓர் அயனி கூடினாலும் எல்லாவற்றையும் திருத்தவேண்டிய வேலை.

என்னை ஒரு வாரம் தடுத்து நிறுத்திய இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த மென்பொருளோடு வரும் வினைப் பட்டியல்களில் நான் தேர்ந்தெடுத்த தரவுத்தளத்தில் யுரேனைல் (ஒரு யுரேனியமும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த நேர்மின் அயனி) கார்பனேட்டுகள் இருந்தனவே தவிர, கால்சியம் சேர்ந்த அணைவுகள் இல்லை. ஆகவே எல்லா யுரேனியமும் எதிர்மின் அயனியாகவே இருப்பதாக விடை வந்தது. விடுபட்ட இரண்டு வினைகளையும் நாமே உள்ளீட்டுக் கோப்பில் எழுதவேண்டும். ஒரு யுரேனைலும் மூன்று கார்பனேட்டும் ஒரு கால்சியத்தோடு சேர்ந்தால் நிலைப்பு மாறிலியின் (அணைவு எவ்வளவு உறுதியாக உருவாகும் என்பதைக் காட்டும் எண்ணின்) மடக்கை 27.18, இரண்டு கால்சியத்தோடு சேர்ந்தால் 30.70. கால்சியமே இல்லாத மூன்று கார்பனேட் அணைவுக்கு அது 21.84 மட்டுமே.

இதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம் என்பது 0.002 மோல், அயனிகளின் பரஸ்பர ஈர்ப்பைக் கணக்கில் கொண்டால் பயன்படு செறிவு ஏறத்தாழ 0.0012. 30.70இலிருந்து 21.84ஐக் கழித்தால் 8.86, பத்தின் அந்த அடுக்கை 0.0012இன் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ ஆயிரம் வருகிறது. அதாவது, பயன்படு செறிவில் இரண்டு கால்சியம் உள்ள அணைவு, கால்சியம் இல்லாததைவிட ஆயிரம் மடங்கு மிகுதி. யுரேனைலின் இரண்டும் கால்சியங்களின் நான்கும் ஆகிய நேர்மின்சுமையை மூன்று கார்பனேட்டுகளின் ஆறு எதிர்மின்சுமை ஈடுசெய்வதால், இந்த அணைவுக்கு நிகர மின்சுமையே இல்லை. அதனால் பாறையிலுள்ள இரும்பு ஆக்சைடு பரப்பில் எளிதில் ஒட்டாமல் நீரோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கணக்கு உருவத்தைச் சொல்லுமே அன்றி, குடிக்கலாமா என்பதைச் சொல்லாது. அதற்கு ஆய்வகம் தரும் மொத்த யுரேனிய அளவை, உலக சுகாதார நிறுவனத்தின் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவோடு ஒப்பிடவேண்டும். காய்ச்சுவதால் யுரேனியம் ஆவியாகிப் போகாது, ஆர்.ஓ. வடிகட்டி குறைக்கும்.

பின்சேர்க்கை: குடியாத்தத்து வாசகர் ஒருவருக்குக் கால்சியம் அணைவின் பங்கு மிகையாக வந்தது. அறிக்கையில் 'கால்சியம் கடினத்தன்மை 200' என்றிருந்ததை அவர் அப்படியே கால்சியமாக உள்ளிட்டிருந்தார். அதை 0.4ஆல் பெருக்கி 80 என்று தரவேண்டும். கால்சியத்தின் வர்க்கம் வருவதால் இரண்டரை மடங்குப் பிழை ஆறு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. மொத்தக் கடினத்தன்மையில் மக்னீசியமும் கலந்திருப்பதால், அந்த எண்ணை இதற்குப் பயன்படுத்தவேண்டாம்.