வீட்டுக்கு கேமரா மாட்டும் தொழில்: குமரி மாவட்டத்தில் தொடங்குவோருக்கு

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு சிசிடிவி கேட்பவர்களில் நிறையப் பேர் அந்த வீட்டிலேயே இருப்பதில்லை. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவையோ பூட்டிக் கிடக்கும் வீட்டையோ போனில் பார்க்க நினைக்கிறார்கள். ராத்திரி ஆப்பைத் திறந்தால் படம் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. அந்தப் படம் நின்று போனால் பெரும்பாலும் காரணம் கேபிள், ஜாயின்ட், பவர், எர்த் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். கேமராவே பழுதாவது அதற்குப் பிறகுதான். இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. கடலோரத்தில் உப்புக்காற்று, கோடை மழையிலும் ஐப்பசியிலும் இடி. இதற்கெல்லாம் தாக்குப்பிடிக்கிற மாதிரி மாட்டத் தெரிந்தவருக்கு வேலை தானாக வரும்.

தொடங்கும் முன்

முதல் வருடம் பைக்கில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்துக்குள் மட்டும் வேலை எடுங்கள். மார்த்தாண்டத்தில் இருப்பவருக்குக் குழித்துறை, கருங்கல், களியக்காவிளை போதும். நாகர்கோவிலில் இருப்பவருக்குச் சுசீந்திரம், தோவாளை, ஆசாரிபள்ளம் போதும். ஒரு இடி மழைக்கு மறுநாள் நான்கு வீட்டிலிருந்து போன் வரும்போது இதன் அருமை தெரியும்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதற்குக் காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். பொருளும் வேலையும் சேர்த்துச் செய்வதால், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். எல்லையோரத்தில் இருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். களியக்காவிளையில் கடை வைத்துக்கொண்டு கேரளத்திலுள்ள பாறசாலையில் கேமரா விற்று மாட்டினால் அது வெளிமாநில விற்பனை. அதற்கு வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். பதிவு வாங்கும் வரை கேரளப் பக்கம் வேலை எடுக்க வேண்டாம்.

கருவிகளுக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய் ஒதுக்குங்கள். முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை தருகிறது, அதற்குள் அடங்கிவிடும். நல்ல ஹாமர் டிரில், 6 எம்எம், 8 எம்எம் பிட்டுகள், சுவரைத் துளைத்து மறுபக்கம் வர 16 எம்எம் நீள பிட் ஒன்று, அலுமினிய ஏணி, மல்டிமீட்டர், கேபிள் முனையில் பிஎன்சி, ஆர்ஜே45 பின்களை அடிக்கும் கிரிம்பிங் கருவிகள், லேன் டெஸ்டர், பைப்புக்குள் கேபிள் இழுக்கும் ஸ்பிரிங். ஏணி மேலேயே படம் பார்க்க உதவும் சிறிய டெஸ்டர் மானிட்டரைக் கொஞ்ச நாள் கழித்து வாங்கலாம். வேலை தெரியாதவர்கள் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். சிசிடிவி மாட்டும் பயிற்சி அவர்கள் பட்டியலில் உண்டு, கட்டணம் கிடையாது.

கேமரா வாங்கும்போது பெட்டியில் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதியும் கேமராக்களுக்கு வந்துவிட்டது. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப்படும் பழைய ஸ்டாக்கை வாங்கி மாட்டினால், நாளை அதற்கு அப்டேட் வராமல் போகும்போது வீட்டுக்காரர் தேடுவது உங்களைத்தான்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை கேமரா என்று கேட்கும் முன், எந்த இடத்தில் ஆள் முகம் தெரிய வேண்டும், எந்த இடத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும் என்று கேளுங்கள். லென்ஸ் தேர்வு இதில்தான் இருக்கிறது.

அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு சுமார் 250 பிக்சல் வேண்டும் என்பது கணக்கு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். அப்படியானால் படத்தில் விழும் காட்சி ஏழரை மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. 2.8 எம்எம் லென்ஸில் இது சுமார் 3 மீட்டர் தூரத்திலேயே முடிந்துவிடும், 3.6 எம்எம்மில் நாலரை மீட்டர், 6 எம்எம்மில் ஏறத்தாழ 8 மீட்டர். சிட் அவுட்டிலிருந்து கேட் 8 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் 2.8 மாட்டினால் முற்றம் முழுக்க அழகாகத் தெரியும், கேட்டைத் திறந்தவன் யார் என்று மட்டும் தெரியாது. கேட்டுக்கு ஒரு 6 எம்எம், முற்றத்துக்கு ஒரு 2.8 என்று பிரித்துப் போடுங்கள்.

உயரம் எட்டிலிருந்து பத்து அடி. அதற்கு மேலே போனால் தலையும் தொப்பியும்தான் பதிவாகும். சன்ஷேடுக்கு அடியில் வெள்ளைச் சுவரை ஒட்டி மாட்டினால் இரவில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) ஒளி சுவரில் பட்டுத் திரும்பி, படத்தின் ஓரம் வெளுத்து நடு இருண்டுபோகும். சுவரிலிருந்து முன்னால் தள்ளி மாட்டுங்கள். கிழக்கே பார்த்த கேட்டில் காலை வெயில் நேராக லென்ஸில் அடிக்கும், அங்கே டபிள்யூடிஆர் (வெளிச்சமும் நிழலும் ஒன்றாகத் தெரியவைக்கும் வசதி) உள்ள கேமரா வேண்டும். தென்னையில் மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காற்றில் மரம் ஆடும், மோஷன் அலாரம் ஓயாது, இடிக்கும் அதுதான் முதல் இலக்கு.

பக்கத்து வீட்டுக் கிணற்றங்கரை, குளியலறை ஜன்னல், பொது வழிப்பாதை இவை படத்தில் வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். வழித்தகராறு இருக்கும் இடத்தில் கேமரா புதிய சண்டையாகிவிடும். ரெக்கார்டரில் பிரைவசி மாஸ்க் போட்டு அந்தப் பகுதியை மறைத்து, இரு வீட்டாருக்கும் காட்டிவிட்டு வாருங்கள்.

அனலாகா, ஐபியா

நான்கு கேமரா, சின்ன வீடு, பட்ஜெட் குறைவு என்றால் டிவிஆரும் (அனலாக் கேமராவுக்கான ரெக்கார்டர்) அனலாக் எச்டி கேமராவும் போதும். எட்டுக்கு மேல் போனாலோ, மாடி மாடியாகக் கேபிள் போக வேண்டியிருந்தாலோ ஐபி கேமராவும் (நெட்வொர்க் கேமரா), அதற்கான ரெக்கார்டரான என்விஆரும், நெட்வொர்க் கேபிளிலேயே பவர் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சும் நல்லது. ஒரே கேட்6 கேபிளில் பவரும் படமும் போகும். எல்லை 100 மீட்டர். இரு முனையிலும் ஒரே வரிசையில் அடியுங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன்.

எந்த வகையானாலும் கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அலுமினியக் கம்பி மேல் செம்பு பூசிய கேபிள் சந்தையில் நிறைய ஓடுகிறது. கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக வந்தால் அலுமினியம். வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் அலுமினியக் கம்பி பின்னுக்குள்ளேயே பொடிந்துபோகும்.

பவர்

பகலில் படம் வருகிறது, இருட்டியதும் போய்விடுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். இருட்டில் ஐஆர் எரியும்போது கேமரா இழுக்கும் கரண்ட் கூடுகிறது. எஸ்எம்பிஎஸ் (கேமராக்களுக்கு 12 வோல்ட் தரும் பவர் சப்ளை) போதவில்லை, அல்லது நீளமான மெல்லிய கம்பியில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. நான்கு கேமராவுக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர், எட்டுக்கு 10 ஆம்பியர் போடுங்கள். இதைச் சோதிக்க ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். கேமராவின் முகப்பை உள்ளங்கையால் முழுக்க மூடுங்கள். சில நொடிகளில் உள்ளே 'டிக்' என்று ஃபில்டர் மாறும் சத்தம் கேட்கும், ஐஆர் எரியும். அப்போது கேமரா முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அந்தக் கேமராவுக்கு அருகிலேயே தனி அடாப்டர் கொடுங்கள்.

டிவிஆர், எஸ்எம்பிஎஸ், ரவுட்டர் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். டிவிஆரை மட்டும் கொடுத்து ரவுட்டரை விட்டுவிட்டால், கரண்ட் போனதும் துபாயில் இருப்பவருக்குப் படம் போய்விடும். புதிய பிளக் பாயின்ட் வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

ஜாயின்ட், மழை, உப்பு

ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று எழுதியிருப்பது கேமரா உடம்புக்கு. பின்னால் தொங்கும் வாலுக்கும் பின்னுக்கும் அது பொருந்தாது, தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் வைத்து எல்லா இணைப்பையும் உள்ளே தள்ளுங்கள். கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு கீழே இறக்கி மேலே ஏற்றினால், வழிந்துவரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். துளையை சிலிகான் வைத்து அடையுங்கள். பல்லியும் எறும்பும் பாக்ஸுக்குள் கூடு கட்டி ஷார்ட் ஆவது இங்கே அன்றாடம் நடப்பது. ஐபி கேமராவில் பெட்டியோடு வரும் வாட்டர்ப்ரூஃப் கிளாண்டை (பின்னை மூடும் உறை) தூக்கிப் போடாமல் மாட்டுங்கள்.

கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். எஸ்எஸ் ஸ்க்ரூ, முடிந்தால் 316 தரம். லென்ஸ் மேல் படியும் உப்புப் படலம் இரவில் ஐஆர் ஒளியில் புகைமூட்டம்போல் தெரியும். கேமரா கெட்டுவிட்டது என்று கழற்றும் முன் நல்ல தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். சிலந்தி வலையும் இதே வேலையைச் செய்யும்.

இடி

நேரடி இடி விழுந்தால் எதுவும் காப்பாற்றாது. ஆனால் அருகில் எங்கோ விழுந்த இடியில் போகும் டிவிஆர்கள்தான் அதிகம், அதைக் குறைக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் எர்த் முனை இருக்கும். பலர் அதில் கம்பியே கொடுப்பதில்லை. கொடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரைப் போடாதீர்கள். மெயின் போர்டில் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) புரொடெக்டர் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு வழி பலர் கண்ணுக்குத் தப்பும். கேபிள் டிவி வயர் டிவிக்கு வருகிறது, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ டிவிஆருக்குப் போகிறது, சர்ஜ் அதன் வழியாகவும் ஏறும். அமைப்பு முடிந்ததும் எச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு, வேண்டும்போது மட்டும் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். விளையில் (தோப்பில்) தள்ளி இருக்கும் ரப்பர் ஷெட்டுக்கோ மோட்டார் ரூமுக்கோ செம்புக் கம்பி இழுக்காமல், உலோகக் கம்பி இல்லாத ஃபைபரும் (கண்ணாடி இழைக் கேபிள்) மின் சிக்னலை ஒளியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள்; நடுவில் உலோகம் இல்லாததால் அங்கே விழுவது இந்தக் கேபிள் வழியாக வீட்டுக்கு வராது.

ரெக்கார்டர், ஆப்

எச்.265-ல் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) ஒரு 2 மெகாபிக்சல் கேமராவை 2 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி, ஆக 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். முப்பது நாள் கேட்பவருக்கு 1 டிபி போட்டுக் கொடுத்துவிட்டு மழுப்ப வேண்டாம், கணக்கை எஸ்டிமேட்டிலேயே எழுதுங்கள். சிசிடிவிக்கென வரும் ஹார்ட் டிஸ்க்கையே போடுங்கள். ரெக்கார்டரைக் காற்றோட்டம் இல்லாத பரணில் வைத்தால் டிஸ்க் சீக்கிரம் போகும்.

பாஸ்வேர்டை வீட்டுக்காரர் கையாலேயே போட வையுங்கள். மாற்றாமல் விட்ட டிஃபால்ட் பாஸ்வேர்டுகளை வைத்துத்தான் 2016-ல் மிராய் வைரஸ் உலகமெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. ஆப்பில் முதன்மைக் கணக்கு வீட்டுக்காரரின் சொந்த எண்ணில் இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு அதிலிருந்து ஷேர் செய்யலாம். உங்கள் போனில் சோதனைக்குச் சேர்த்ததை அவர் முன்னாலேயே நீக்குங்கள். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டுக்குள் பார்க்கும் வசதி உங்கள் கையில் ஒரு நாள்கூட மிஞ்சக் கூடாது.

பல வீட்டு இணைப்புகளில் தனி பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டும் இணைய முகவரி) கிடைக்காது, எனவே ரவுட்டரில் வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கில் மல்லுக்கட்டாமல், கம்பெனி சர்வர் வழியாகச் சேரும் பி2பி இணைப்பை க்யூஆர் ஸ்கேன் செய்து கொடுங்கள். வீட்டு வைஃபையில் படம் வந்ததும் வேலை முடிந்ததென்று கிளம்பாதீர்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள், பிறகு வெளிநாட்டில் இருப்பவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காசும் சர்வீஸும்

எஸ்டிமேட்டில் பொருள், கேபிள் மீட்டர் கணக்கு, ஒரு கேமரா பாயின்ட்டுக்குக் கூலி மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால், பழைய கான்கிரீட் வீட்டில் துளை போட ஒரு நாள் கூடுதலாகும்போது இழப்பு உங்களுக்கு. பொருள் விலையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். இடியில் போனால் கம்பெனி வாரண்டி கிடையாது என்பதை பில்லில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு வைகாசி தொடக்கத்திலும் புரட்டாசியிலும் என இரண்டு முறை, அதாவது இரு மழைக்கும் முன்னால் போய், பாக்ஸ்களைத் திறந்து பார்த்து, லென்ஸ் துடைத்து, ரெக்கார்டிங்கைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் செத்து மாதக்கணக்கில் பதிவே இல்லாமல் லைவ் மட்டும் ஓடுவது உண்டு.

திருட்டு நடந்து போலீஸ் பதிவு கேட்டால், முதலில் ரெக்கார்டர் காட்டும் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, ரெக்கார்டரின் மூல வடிவத்திலேயே பென் டிரைவில் எடுங்கள். திரையை போனில் படம் பிடித்தது நீதிமன்றத்தில் எடுபடாமல் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுப்படி இத்துடன் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் ஒரு பகுதியை பதிவைத் தாக்கல் செய்பவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்புவார்கள். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும் முன் அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைப் போட வேண்டும்.