ஆய்வக மூடிலுக்கு எச்டிடிபிஎஸ் போடுவது எப்படி: பூட்டு எளிது, பெயரும் நேரமும்தான் கடினம்

தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூடில் (Moodle, பாடங்களும் தேர்வுகளும் நடத்தும் இணையதள மென்பொருள்) நிறுவி, ஒரு பருவம் முழுக்க 192.168.1.10 என்ற உள்வலை முகவரியில் வெறும் எச்டிடிபியில், அதாவது மறையாக்கம் இல்லாமல், ஓட்டினோம். அதையே மறையாக்கி அனுப்புவதுதான் எச்டிடிபிஎஸ், உலாவியில் பூட்டுக்குறி தெரிவது அதற்குத்தான். மாணவர் கணினிகளுக்கு வெளி இணையம் கிடையாது. "நம்ம லேபுக்குள்ளதானே சார், யார் பார்க்கப் போறாங்க?" என்று பலரும் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல, வலையில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, என் சொந்தக் கணக்கில் உள்நுழைந்து காட்டினேன். உலாவி சர்வருக்கு அனுப்பிய போஸ்ட் கோரிக்கைக்குள் என் கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பலர், மின்னஞ்சலுக்கும் மூடிலுக்கும் ஒரே கடவுச்சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் காக்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. (இந்தச் சோதனையை உங்கள் கணக்கில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் போக்குவரத்தைப் பிடித்துப் பார்ப்பது தவறு.)

சர்வரில் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்), என்ஜின்எக்ஸ் (வலைப்பக்கங்களைத் தரும் மென்பொருள்), மரியாடிபி (தரவுத்தளம்), மூடில் நான்கும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை அந்தந்த மென்பொருளின் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

படி 1: சொந்தச் சான்றிதழ் வேண்டாம்

எச்டிடிபிஎஸ்ஸுக்கு, இந்தப் பெயரில் வரும் தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதிசொல்லும் சான்றிதழ் ஒன்று வேண்டும். நாமே அதைத் தயாரித்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிடலாம் என்று தோன்றும். கணினிகளில் அது வேலையும் செய்யும். கைப்பேசியில் செய்யாது. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனரே கையால் ஏற்றிய சான்றிதழ்களைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. மூடில் செயலியைப் பயன்படுத்தும் மாணவர்கள் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். எனவே உண்மையான டொமைன் (பதிவு செய்த இணையப் பெயர்) ஒன்றின் பெயரில், உலாவிகள் நம்பும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் வாங்குங்கள். அது இலவசம். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கைப்பேசிகள் அதையும் நம்பாது. அந்தக் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு ஆய்வகக் கணினிதான் வழி.

படி 2: வெளியிலிருந்து எட்ட முடியாத சர்வருக்குச் சான்றிதழ்

வழக்கமான முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் உங்கள் சர்வரின் 80-ஆம் போர்ட்டுக்கு வந்து கதவைத் தட்டிப் பார்க்கும். நம் சர்வர் உள்வலையில் இருப்பதால் அது நடக்காது. அதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். டிஎன்எஸ் (பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) முறை இருக்கிறது. டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் ஒரு டெக்ஸ்ட் பதிவைச் சேர்த்துக் காட்டினால், டொமைன் உங்களுடையது என்று ஒப்புக்கொள்வார்கள். சர்வரை யாரும் வெளியிலிருந்து தொட வேண்டியதில்லை.

அந்தப் பதிவைக் கையால் சேர்க்காதீர்கள். சான்றிதழின் ஆயுள் அதிகம் போனால் 90 நாள்தான், தேர்வு நேரத்தில் மறந்துவிடும். சான்றிதழை வாங்கித் தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட் என்ற நிரலுக்குத் துணைநிரல் உள்ள டிஎன்எஸ் சேவையாகத் தேர்ந்தெடுங்கள். நான் கிளவுட்ஃப்ளேரை வைத்திருக்கிறேன். அதில் சர்ட்பாட்டுக்குத் தரும் டோக்கனுக்கு (கடவுச்சொல் போன்ற சாவி) அந்த ஒரு டொமைனின் டிஎன்எஸ்ஸைத் திருத்தும் உரிமை மட்டும் போதும். டோக்கன் உள்ள கோப்பை ரூட் (நிர்வாகக் கணக்கு) தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி 600 என்று அனுமதி வையுங்கள். இன்னொன்று: சான்றிதழில் உள்ள பெயர் உலகம் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் ஏறும். 'லேப்' என்பதுபோல் பொதுவான பெயர் வையுங்கள்.

முதலில் சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் உண்மையானதை வாங்குங்கள். ஏன் என்று படி 5-இல் தெரியும்.

படி 3: பெயர் உள்ளேயே தெரிய வேண்டும்

சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, அந்தப் பெயரைக் கேட்டால் 192.168.1.10 என்று சொல்லும்படி ஒரு வரி எழுதுங்கள். ரவுட்டரில், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி அமைப்பில், டிஎன்எஸ் முகவரியாக இந்தச் சர்வரைக் கொடுங்கள். எங்காவது பள்ளம் தோண்டி இணையக் கேபிள் அறுந்தாலும் வகுப்பு நிற்காது.

படி 4: மூடிலும் என்ஜின்எக்ஸும்

மூடிலின் கான்ஃபிக் கோப்பில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ ரூட்' என்ற வரியில் பழைய ஐபி முகவரி இருக்கும். அதை எச்டிடிபிஎஸ்ஸோடு புதிய பெயராக மாற்றுங்கள். பாடங்களுக்குள் ஏற்கெனவே ஒட்டிய படங்களின் பழைய முகவரிகளை மாற்ற, மூடிலிலேயே தேடி மாற்றும் கருவி உண்டு. அதை ஓட்டும் முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள். என்ஜின்எக்ஸில் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க நெறிமுறை) பதிப்புகள் 1.2, 1.3 இரண்டை மட்டும் அனுமதியுங்கள். 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சிலேயே தரநிலையிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். எச்எஸ்டிஎஸ் தலைப்பை (இந்தத் தளத்தை எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திற என்று உலாவிக்குச் சொல்வது) இப்போது சேர்க்காதீர்கள்.

படி 5: நேரம்

இங்கேதான் எனக்கு ஒரு வாரம் போனது.

எல்லாம் முடித்த மறுநாள் காலை, பழைய வரிசையில் இருந்த ஆறு கணினிகளில் மட்டும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்தது. மற்றவற்றில் பூட்டுக்குறி அழகாகத் தெரிந்தது. சான்றிதழில்தான் கோளாறு என்று முடிவு செய்து திரும்பத் திரும்பப் புதிதாக வாங்கினேன். ஒரே பெயருக்கு 7 நாளில் ஐந்து சான்றிதழ்தான் தருவார்கள். அந்த வரம்பும் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் பிழைப் பக்கத்திலேயே சான்றிதழின் விவரத்தைத் திறந்து, எந்தத் தேதி முதல் செல்லும் என்று படித்தேன். பிறகு திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே 2011 ஜனவரி 1 என்று இருந்தது. அந்தக் கணினியைப் பொறுத்தவரை நம் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

தேதியைக் கையால் திருத்தினேன். மதியம் கணினியை நிறுத்தி இயக்கியபோதும் சரியாகவே இருந்தது. மறுநாள் காலை மீண்டும் 2011. லேப் அசிஸ்டென்ட் சொன்ன ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது: "சாயங்காலம் மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் பூட்டுவேன்." மதர்போர்டின் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. மின் இணைப்பு இருக்கும்வரை கணினியை நிறுத்தினாலும் கடிகாரம் ஓடும், மெயினை அணைத்ததும் தேதி மறந்துபோகும். எச்டிடிபியில் இருந்த காலத்தில் தேதி தவறாக இருந்தாலும் பக்கம் திறந்தது, எனவே யாரும் கவனிக்கவில்லை. எச்எஸ்டிஎஸ் போட்டிருந்தால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியும் அடைபட்டிருக்கும். அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலில் பேட்டரி: சிஆர் 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சர்வரின் பேட்டரியை முதலில் மாற்றுங்கள். அடுத்து சர்வரில் நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனி மென்பொருளை நிறுவி, ஆய்வகத்துக்கே அதை நேரம் சொல்லும் கடிகாரமாக்குங்கள். 192.168.1 வலையில் உள்ளவர்களுக்கு அனுமதி ஒரு வரி, இணையம் இல்லாதபோதும் நேரம் கொடு என்பதற்கு ஒரு வரி. மாணவர் கணினிகளில் நேரச் சர்வராக 192.168.1.10-ஐக் கொடுங்கள். இங்கே பெயரை எழுதாமல் ஐபியாகவே எழுதுவது என் பழக்கம், டிஎன்எஸ் தடுமாறினாலும் நேரம் கிடைக்கும்.

சோதிப்பது மாலையில் அல்ல. ஒருநாள் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை ரவுட்டருக்கு வரும் வெளி இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு எல்லாக் கணினிகளையும் இயக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் பூட்டு தெரிந்தால், ஒரு வாரம் பொறுத்து எச்எஸ்டிஎஸ் சேர்க்கலாம்.

பின்சேர்க்கை 1: இந்தப் பதிவின் முதல் வடிவில், பொது டிஎன்எஸ்ஸிலேயே 192.168.1.10 என்று பதியச் சொல்லியிருந்தேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், தன் பள்ளியில் பெயர் திறக்கவே இல்லை என்று எழுதினார். சில ரவுட்டர்கள், வெளி டிஎன்எஸ்ஸிலிருந்து உள்வலை முகவரி பதிலாக வந்தால் தாக்குதல் என்று கருதி அதைத் தூக்கிப்போட்டுவிடும். டிஎன்எஸ் முறையில் சான்றிதழ் வாங்க அந்தப் பதிவு தேவையே இல்லை. எனவே அதை நீக்கி, படி 3-ஐ மாற்றி எழுதியிருக்கிறேன். கைப்பேசியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று குறிப்பிட்ட சேவையை வைத்திருப்பவர்கள் அதைத் தானியங்கிக்கு மாற்ற வேண்டும்.

பின்சேர்க்கை 2: எங்கள் ஆய்வகம் முழுக்க லினக்ஸ். விண்டோஸ் வைத்திருக்கும் இருவர், நேரச் சர்வரைக் கொடுத்தும் தேதி மாறவில்லை என்றார்கள். தனிக் கணினியாக இயங்கும் விண்டோஸ், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இயல்பாக அந்த நேரத்தை ஏற்காது. பேட்டரியை மாற்றிய கையோடு பயாஸுக்குள் (இயங்குதளம் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்த் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை கையால் சரிசெய்துவிடுங்கள். அதன் பிறகு வரும் சிறு விலகல்களை அது தானாகவே திருத்திக்கொள்ளும்.